480 என்று எழுதி ஒட்டினால் போதுமா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், மேசைக்கு மேலே சுவரில் ஒரு காகிதத்தைப் பார்க்கலாம். '480/500' என்று ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கும். பக்கத்திலேயே ஒரு டைம் டேபிள். காலை நாலரைக்கு எழுவதில் ஆரம்பித்து இரவு பத்தரைக்குப் படுப்பது வரை பதினைந்து வரி. ஐந்து பாடத்துக்கும் ஐந்து நிறம். ஒட்டிய அன்றைக்குப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பாதித் தேர்வை எழுதி முடித்த நிம்மதி. மூன்றாவது வாரத்தில் டைம் டேபிளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 480 மட்டும் அப்படியே இருக்கும். அரையாண்டு விடைத்தாள் வந்ததும், "டார்கெட் எல்லாம் எழுதி ஒட்டுனியே, என்னாச்சு?" என்று வீட்டில் ஒரு சண்டை நடக்கும்.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. இலக்கு வைத்துப் படி என்று சொல்லாத ஆள் கிடையாது. பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள், டியூஷனில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பாவும் சொல்கிறார். இலக்கை எப்படி வைப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தருபவர்தான் அரிது. அதைத்தான் நாம் இப்போது பார்க்கப் போகிறோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

முதலில், இலக்கு வைப்பதால் பலன் உண்டா என்று கேட்டுக்கொள்வோம். உண்டு. 1968-இல் எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று விட்டுவிடுவதைவிட, 'இவ்வளவு செய்' என்று திட்டமாக, கொஞ்சம் கடினமாகவே சொன்னால் மனிதர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. 'முடிந்ததைச் செய்' என்றால் எங்கே நிறுத்தினாலும் நிறுத்தின இடம்தான் முடிந்த இடம். எண் ஒன்று முன்னால் இருந்தால் அப்படி நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ள முடியாது.

லாக்கோடு பின்னாளில் சேர்ந்து உழைத்தவர் கேரி லேதம். 1970-களில் ஒக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகளை வைத்து அவர் ஒரு பரிசோதனை செய்தார். காட்டில் வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவர வேண்டும். சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஓட்டுநர்கள் ஏற்றி வந்தார்கள். 'முடிந்த அளவு ஏற்றுங்கள்' என்று சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் மாறவில்லை. பிறகு '94 சதவீதம் ஏற்றுங்கள்' என்று எண்ணைச் சொன்னார்கள். அதற்காகக் கூலி கூட்டவில்லை. செய்யாதவரைத் தண்டிக்கவும் இல்லை. சில மாதங்களில் லாரிகள் 90 சதவீதத்தைத் தாண்டின. ஒன்பது மாதத்தில் நிறுவனத்துக்கு மிச்சமான பணம் சுமார் இரண்டரை லட்சம் டாலர்.

எண்ணைச் சொன்னதும் லாரி நிறைந்துவிட்டது. அப்படியானால் 480 என்று எண்ணைச் சொன்ன பிறகும் நம் பிள்ளையின் மதிப்பெண் ஏன் ஏறவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம், விஷயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு மரம் ஏற்றத் தெரியும், வருடக்கணக்காக ஏற்றுகிறவர். இன்னும் நாலு மரம் வைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. வைப்பதும் வைக்காததும் அவர் கையில். ஆலைக்கு வந்து எடை போட்டதும் அன்றைக்கே விடை தெரிந்துவிடும். நம் பிள்ளைக்கு 480 எங்கிருந்து வரும் என்றே தெரியாது. வினாத்தாள் அவள் கையில் இல்லை, திருத்துபவரும் அவள் கையில் இல்லை. விடை தெரிவதற்கு மூன்று மாதம் ஆகும்.

இது ஊகம் இல்லை. பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் நியூயார்க் பள்ளிகளில் இதைப் பணம் கொடுத்தே சோதித்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தேர்வுக்கு 25 டாலர் வரை, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 50 டாலர் வரை, எடுக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்துக் கையில் காசு. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மதிப்பெண்கள் அசையவில்லை. 'கூடுதலாக மதிப்பெண் எடுக்க என்ன செய்வாய்?' என்று கேட்டபோது, கேள்வியைக் கவனமாக வாசிப்பேன், எழுதியதைத் திரும்பிப் பார்ப்பேன் என்றெல்லாம் தேர்வுக் கூடத்துச் சமாசாரங்களைத்தான் சொன்னார்கள். தெரியாததை ஆசிரியரிடம் கேட்பேன், வீட்டில் இன்னும் படிப்பேன் என்ற பேச்சு அதில் இல்லை. ஆசைக்குக் குறைவில்லை. ஆசையை எந்த வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் ரூத் கான்ஃபர், ஃபிலிப் அக்கர்மன் என்ற இருவர் அமெரிக்க விமானப்படையில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். விமானங்களை எந்த ஓடுபாதையில் எப்போது இறக்குவது என்று கணினியில் ஒழுங்குபடுத்தும் வேலை, எல்லோருக்கும் புதிது. கற்றுக்கொள்ளும் ஆரம்பக் கட்டத்திலேயே 'இவ்வளவு எடுக்க வேண்டும்' என்று கடினமான இலக்கைக் கொடுத்தபோது, இலக்கு கொடுக்கப்படாதவர்கள் செய்ததைவிட அவர்கள் மோசமாகச் செய்தார்கள். வேலையைப் புரிந்துகொள்ளத் தேவையான கவனத்தில் ஒரு பகுதியை, 'எவ்வளவு வந்திருக்கிறது' என்று பார்ப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். வேலை பிடிபட்ட பிறகு அதே இலக்கு உதவியது. முக்கோணவியல் இன்னும் பிடிபடாத பிள்ளையிடம் 'சென்டம் வாங்கணும்' என்று சொல்வதில் என்ன நடக்கிறது என்பது இப்போது விளங்கும்.

ஆக, எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் இதுதான்: மதிப்பெண்ணை எழுதிவிட்டால் இலக்கு வைத்தாயிற்று என்று நினைப்பது. மதிப்பெண் ஒரு விருப்பம். இருக்கட்டும், சுவரிலேயே இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் இன்று மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. சொல்லக்கூடியது வேறொரு வகை இலக்கு. முதல் வகையை விளைவு இலக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை வேலை இலக்கு என்போம். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 கல்லூரி மாணவர்களிடம் இந்த இரண்டையும் தனித்தனியே சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். சிலரிடம் 'இந்தப் பாடத்தில் எந்த கிரேடு எடுக்கப் போகிறாய்?' என்று கேட்டு அதை இலக்காக வைக்கச் சொன்னார்கள். பெரிய பலன் தெரியவில்லை. வேறு சிலரிடம் 'எத்தனை மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கப் போகிறாய்?' என்று கேட்டார்கள். அவர்கள் கூடுதலாக மாதிரித் தேர்வு எழுதினார்கள், பாடத்திலும் கூடுதலாகவே எடுத்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத இலக்குதான் மதிப்பெண்ணைக் கூட்டியது.

சரி, 480-ஐ வேலையாக மாற்றுவது எப்படி? அதற்கு வேண்டிய தகவலெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. நாம் அதைத்தான் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம்: போன தேர்வின் விடைத்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வினாத்தாளின் வழக்கமான அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். ஒரு மதிப்பெண் வினா 14; இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுத வேண்டும்; ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே 14-க்கு 10; கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு, ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம். கூட்டினால் 14, 20, 50, 16, மொத்தம் 100.

அரையாண்டில் 58 எடுத்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் கேட்பது '58-தானா?' என்று. நாம் கேட்கப் போவது 'போன 42 எங்கெங்கே போனது?' என்று. தாளைப் பிரித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டே வருகிறோம். ஒரு மதிப்பெண்ணில் 5 போயிருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணில் 7. ஐந்து மதிப்பெண்ணில் 22. எட்டு மதிப்பெண்ணில் ஒரு முழு வினா, 8. இவ்வளவு பிரித்ததுமே ஒரு விஷயம் தெரிகிறது. 42 என்று மொத்தமாகப் பார்க்கும்போது மலைப்பாக இருந்தது, பிரித்ததும் நாலு தனித்தனிச் சங்கதியாகிவிட்டது. இந்த நாலுக்கும் மருந்து ஒன்றே இல்லை.

எட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள். வடிவியலில் தொடுகோடு வரைந்து முழுசாக எடுத்திருக்கிறாள். வரைபடத்துக்குத் தாள் கட்டியிருக்கிறாள், அச்சு மட்டும் வரைந்திருக்கிறாள், மணி அடித்துவிட்டது. கேட்டால், "தெரியும்மா, டைம் இல்ல" என்கிறாள். உண்மைதான், இங்கே குறைந்தது அறிவு இல்லை, நேரம். இன்னும் நாலு முறை வரைபடப் பாடத்தைப் படித்தால் இந்த 8 வராது. கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி, வளைவு என்று பதினைந்து நிமிடத்தில் ஒரு வரைபடத்தை முடிக்கப் பழகினால் வரும். அப்படியானால் இலக்கு: வாரத்துக்கு இரண்டு வரைபடம், கடிகாரம் வைத்து. இதைவிட மலிவாக 8 மதிப்பெண் எந்தப் பாடத்திலும் கிடைக்காது என்பது என் கணிப்பு.

ஐந்து மதிப்பெண்ணில் போன 22-இல் 10 இரண்டு கணக்குகளைத் தொடவே இல்லாததால் போனது. ஒன்று உயரங்களும் தூரங்களும்; கோபுரத்தின் உச்சியிலிருந்து இறக்கக்கோணத்தில் கார் தெரிகிற கணக்கு. இன்னொன்று அளவியல், உருளையின் மேல் அரைக்கோளம் கவிழ்த்த கூட்டு உருவம். இரண்டும் வேறு வேறு பாடம்தான். ஆனால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'எங்கே நிற்கிறாய்?' என்று கேட்டால், இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறாள். கேள்வியின் வாக்கியத்தைப் படமாக வரையத் தெரியவில்லை. சூத்திரம் தலைகீழாகத் தெரியும். எந்த நீளத்துக்கு எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். இவளுக்கு 'முக்கோணவியலை நன்றாகப் படி' என்று சொல்வது வீண். 'தினமும் ஐந்து கணக்கை வாசித்துப் படம் மட்டும் வரை, விடை கண்டுபிடிக்க வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம், இரண்டும் சேர்ந்தது என்று பயிற்சிகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு வாரத்தில் அத்தனைக்கும் படம் வரைந்துவிடலாம். கணக்கில் பயம் இருக்கிற பிள்ளைக்கு 'விடை வேண்டாம்' என்ற ஒரு சொல்லே பாதி பாரத்தை இறக்கிவிடும்.

மீதி 12 அங்கங்கே சிந்தியது. குறி மாறியது, வர்க்க அலகு எழுதாதது, பெருக்கலில் பிழை. இரண்டு மதிப்பெண்ணில் போன 7-உம் பெரும்பாலும் இந்த இனம்தான். இதற்குக் 'கவனமாக இரு' என்று சொல்லிப் பயனில்லை. எந்தப் பிழை அவளுடைய வாடிக்கைப் பிழை என்று கண்டுபிடித்து, கணக்கை முடித்ததும் அந்த ஒன்றை மட்டும் திரும்பிப் பார்க்கப் பழக்குவதே வழி. ஒரு மதிப்பெண்ணுக்கு மாலைக்கு ஒரு பாடம் என்று புத்தகத்தின் பல்வாய்ப்பு வினாக்களை எழுதிப் பார்த்தால் எட்டே பாடம், எட்டு மாலையில் ஒரு சுற்று முடியும்.

இப்போது அளவு. இலக்கு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் இருவரும் கழித்தல் கணக்கில் பின்தங்கிய 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 42 பக்கக் கணக்கு, ஏழு அமர்வு. ஒரு குழுவிடம் 'ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடி' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'கடைசிக்குள் 42 பக்கத்தையும் முடி' என்றார்கள். ஆறை ஏழால் பெருக்கினால் 42. இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். ஆறு பக்கம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் கழித்தலைக் கற்றுக்கொண்டார்கள், 'என்னால் முடியும்' என்ற தெம்பும் வந்தது, பிறகு யாரும் சொல்லாமலே கணக்குப் போட உட்கார்ந்தார்கள். 42 என்று கேட்ட குழுவுக்கு இலக்கே இல்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. அருகில் இருக்கிற இலக்கு ஒவ்வொரு நாளும் முடிகிறது. முடிந்ததென்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. பொதுத்தேர்வை இலக்காக வைத்தால் அந்தத் திருப்தி மார்ச் மாதம் வரைக்கும் கிடைக்காது.

அளவு தெரிந்தால் போதாது, எப்போது, எங்கே என்பதும் வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேரை மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதித்தரச் சொன்னார்கள். அப்படி எழுதித்தராதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அனுப்பினார்கள். எழுதித்தந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். ஆகவே 'வாரத்துக்கு இரண்டு வரைபடம்' என்பதோடு நிறுத்தாமல், 'செவ்வாயும் வெள்ளியும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து டிபன் சாப்பிட்டதும், மொட்டைமாடிப் படியில்' என்று முடிக்க வேண்டும். ஒரே அறையில் டிவியும் தம்பியும் பாட்டியும் இருக்கிற வீட்டுக்கு இது இன்னும் அவசியம். இடம் நமக்காகக் காத்திருக்காது, முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும். மணியைக் குறிப்பதைவிட ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் பின்னால் கோத்துவிடுவது நல்லது. பஸ் தாமதமானால் ஆறு மணி கடந்துவிடும். டிபன் எப்படியும் வரும்.

அடுத்தது, இலக்கில் எந்த வேலையை எழுதுவது என்பது. பெரும்பாலான டைம் டேபிள்களில் 'அறிவியல் பாடம் 3 படித்தல், ஒரு மணி நேரம்' என்று இருக்கும். படித்தல் என்றால் என்ன நடக்கிறது? புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறோம், மறுபடி வாசிக்கிறோம், எல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது. அம்மா வாசலில் சிக்குக் கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதும் இப்படித்தான். எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வளைகிறது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. மாவை நம் கையில் கொடுத்துவிட்டு அம்மா உள்ளே போனால் மூன்றாவது புள்ளியில் விரல் நின்றுவிடும். கைடில் தீர்த்துக் காட்டிய கணக்கை வரிவரியாக வாசித்துத் தலையாட்டுவது அந்த வேடிக்கைதான்.

இதை அளந்து பார்த்தவர்கள் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர், ஆண்டு 2006. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு குழுவை நான்கு முறை வாசிக்கவைத்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. வாசித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதியவர்களிடம் 61. இதில் வேடிக்கை, ஒரு வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும் என்று முன்னதாகவே கேட்டபோது, வாசித்த குழுதான் அதிக நம்பிக்கையோடு சொன்னது. பரீட்சை ஹாலில் 'நேத்து எல்லாம் தெரிஞ்சுதே' என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை பொய் சொல்லவில்லை. நேற்று அப்படித்தான் தோன்றியது.

ஆகவே இலக்கில் 'படிப்பது' என்ற சொல் வந்தாலே அதை அடித்துவிட்டு வேறொன்றைப் போடுவோம். 'செரிமான மண்டலத்தின் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறிப்பது.' 'இரண்டாம் பாடத்தின் ஐந்து இரு மதிப்பெண் வினாக்களைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதுவது, பிறகு திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துவது.' செய்தாளா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். சரியாக வந்ததா என்று அன்றைக்கே தெரிய வேண்டும். லாரி ஓட்டுநருக்கு ஆலையில் எடை தெரிந்ததே, அதே காரணத்துக்காகத்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாள் என்பது கணக்கில் வராது. மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன்னால் தூங்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் திட்டம் தவறும். நாம் எல்லோருமே காலத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது சராசரியாக 55-க்கு மேல். 1994-இல் வந்த ஆய்வு அது. கல்லூரியில் ஆய்வேடு எழுதுகிறவர்களே இப்படியென்றால் பதினைந்து வயதுப் பிள்ளையை என்ன சொல்ல? வாரத்தில் ஒரு நாளை, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். விட்டுப்போனது அங்கே போய்ச் சேரட்டும். ஆனால் இன்றைக்கு விட்ட ஐந்து கணக்கை நாளைக்குப் பத்தாகப் போடச் சொல்லாதீர்கள். நாளை மறுநாள் அது பதினைந்தாகும், அதற்கடுத்த நாள் பிள்ளை நோட்டையே திறக்காது. இரண்டு வாரம் தொடர்ந்து ஒரு இலக்கு முடியவில்லை என்றால் தவறு இலக்கின் அளவில், பாதியாகக் குறையுங்கள். புதன்கிழமைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்றால் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. வீடுகளில் அது இன்னும் நிற்கவில்லை. 'எதிர்வீட்டுப் பொண்ணு 470' என்பது பிள்ளைக்கு எட்டாத இலக்கு. எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு எடுப்பாள் என்பது அவள் கையிலும் இல்லை, உங்கள் பிள்ளை கையிலும் இல்லை. சென்டமும் அப்படித்தான். 95 எடுக்கிற பிள்ளைக்கு நூறை இலக்காக வைத்தால் ஒரு குறி மாறினதும் மொத்த இலக்கும் போய்விடும். 99 வாங்கி வந்து அழுகிற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். ராத்திரி சாப்பாட்டின்போது 'எவ்வளவு எடுப்ப?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இன்னைக்கு வரைஞ்ச படத்தைக் காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஐந்து படம் இருக்கிறதா என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

அரையாண்டு விடைத்தாள் வீட்டில் எங்கேயாவது கிடக்கும். இன்று மாலை அதைத் தேடி எடுங்கள், கூடவே ஒரு பென்சில். பிள்ளையைத் திட்டுவதற்கு எடுக்காதீர்கள். போன மதிப்பெண்களை எங்கே, எதனால் என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ள எடுங்கள். எழுதாமல் விட்ட பெரிய கேள்விகளில் ஆரம்பியுங்கள். அதில் தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எது என்று முதலில் கேளுங்கள். சீக்கிரம் திரும்பி வரக்கூடிய மதிப்பெண் அதுதான்.